முப்பத்தோராம் குழி

ஜீஹான் ஊரிலிருந்து ஏழு கிலோமீட்டர்.
கடல்மட்டத்துக்கு மேல் நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
மலை என்று சொல்ல வாய் கூசுகிறது.
குன்று என்றால் அடங்க மறுக்கிறது.
கரடு? கரட்டில் வெயில் காயும், ஓணான் தலையாட்டும்.
இங்கே வருடத்துக்கு இருநூற்றைம்பது நாள் மழை.
மரங்கள் பாதியில் திரும்பிப் போய்விட்ட மேடு.
முழங்கால் உயரத்தில் கொத்துக் கொத்தாய்
பட்டன் புல்,
நடுவே டிக்காஷன் நிறத்தில் ஓடை.

வரைபடத்தில் அதன் பெயர் நாட்ரஸ் ஃபெல்.

ஐசக் நாட்ரஸ் வட இங்கிலாந்துக்காரன்.
அவன் ஊரிலும் இப்படியொரு மொட்டை மேடு,
இதே சாரல், இதே காரீயம்.
மூன்று மாதம் கப்பலில் வாந்தியெடுத்து
டாஸ்மேனியாவில் இறங்கி
நிமிர்ந்து பார்த்தால்
விட்டு வந்தது முன்னால் நிற்கிறது.
சிரித்திருப்பான் என்று நினைக்கிறேன்.
மேட்டுக்கு ஊர்ச் சொல்லையும் வைத்தான்
தன் பெயரையும் வைத்தான்.
அவனுக்கு முன்னால் இங்கிருந்தவர்கள்
இதை எப்படி அழைத்தார்கள் என்று எழுத
சுரங்கப் பதிவேட்டில் பத்தி இல்லை.

என் வேலை மூடுவது.
கைவிட்ட குழிகளைத் தேடிப் பிடித்து
எண் கொடுத்து, ஆழம் பார்த்து
கான்கிரீட் மூடிக்கு அளவு எழுதுவது.
மெர்வின் வண்டி ஓட்டுவான்,
காலில் ஏறிய அட்டைகளை உப்புப் போட்டு எடுப்பான்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு மந்திரியின் பெயர் வைப்பான்.

நேற்றுக் கேட்டான்:
காரீயத்துக்கு உங்கள் மொழியில் என்ன?
ஈயம்.
வெள்ளீயத்துக்கு?
அதுவும் ஈயம்தான். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை.
வடக்கே அந்த மலை, இங்கே இந்த மேடு,
இரண்டு கம்பெனி, இரண்டு ரயில் பாதை,
இரண்டு கூட்டமும் சனிக்கிழமை ராத்திரி
சாராயக் கடையில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்,
ஒரே சொல்லுக்காகவா என்றான்.
ஈ என்றால் கொடு என்று அர்த்தம்
என்பதை அவனிடம் சொல்லவில்லை.
யார் கொடுத்தது என்று கேட்பான்.

மூங்கில்போல் நெருங்கிய புதருக்குப் பின்னால்
இன்று ஒன்று. எந்த வரைபடத்திலும் இல்லை.
ஆறடிக்கு நாலடி வாய்,
உளுத்த மரச்சட்டம், விளிம்பில் பெரணி.
கல்லைப் போட்டேன்.
ஒன்று.
இரண்டு.
தொப்.
இருபது மீட்டரில் தண்ணீர்.
தண்ணீருக்குக் கீழே எவ்வளவு என்று
கல் சொல்லாது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை நமக்குத் தெரியும்.
இவர்களுக்குப் பூதம் வெட்டக் கிணறு கிளம்பியது.
ஐசக்கின் கையெழுத்து, ஈரத்தில் ஊதிய தாளில்:
தண்ணீர் ஓரடி ஏறியது.
தண்ணீர் மூன்றடி ஏறியது.
பம்புக்கு எழுதியிருக்கிறேன்.
பம்பு வரவில்லை. வங்கி முங்கிய வருடம் அது.
வெள்ளி விலை விழுந்தது, வில்லியம் டீஸ்டேல் விழுந்தான்,
இரண்டும் ஒரே பக்கத்தில், ஒரே மையில்,
வில்லியத்துக்கு ஒரு வரி குறைவாக.
மலையைக் கெல்லி எலி பிடித்தது என்போமே,
அந்த எலிகூட அடமானத்தில் இருந்தது.

என் படிவம் கேட்கிறது:
விழ வாய்ப்புள்ளவர் யார்?
மனிதர், கால்நடை, வன உயிர்.
மூன்றுக்கும் டிக் போட்டேன்.
ஆழம்: தெரியவில்லை.
நீர்மட்டம்:
எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன்.
நூற்றுமுப்பது வருடம் கழித்து
அவன் வாக்கியத்தை நான் முடிக்கிறேன்,
அதுவும் முடியவில்லை.
கீழே சரிவில் ஒரு கசிவு,
கல்லெல்லாம் ஆரஞ்சு.

மூடி வரும். நடுவில் ஒரு குழாய் விடச் சொல்லியிருக்கிறேன்,
தண்ணீர் எடுத்துச் சோதிக்க.
காற்றடித்தால் அது ஊதும், உனக்குத் தூக்கம் வராது
என்றான் மெர்வின்.
நான் இங்கே தூங்கப் போவதில்லை என்றேன்.

மோட்டல் குளியலறையில்
பூட்ஸைக் கவிழ்த்துக் கழுவுகிறேன்.
போகவில்லை அந்தத் துருநிறம்.
வெளியே மழை,
இருநூற்றைம்பதில் ஒன்று.